முதல்ல கோன், அப்புறம் கடப்பாரை: வாசகர் கேள்வி பதில்

ரோடு பராமரிப்பு, டிராஃபிக் கன்ட்ரோல் வேலைல ஃபோர்மேனா இருக்கிறதைப் பத்தி கேள்வி அனுப்பச் சொல்லிருந்தோம், நிறைய வந்துச்சு. அதுல சிலதுக்கு விழுப்புரம் – திருச்சி பக்கம் என்எச் பராமரிப்புல ரொம்ப வருஷமா ஃபோர்மேனா இருக்கிற ஒருத்தர் பதில் சொல்றார்.

டிப்ளமோ சிவில் முடிச்சிருக்கேன். டோல் ரோட்டை பராமரிக்கிற ஒரு கம்பெனில ஃபோர்மேன் வேலைக்கு கூப்பிடறாங்க. வீட்ல "இதுக்கா படிச்ச, வெயில்ல போய் நிக்கவா"ங்கறாங்க. அங்க என்ன வேலை இருக்கும்? போகலாமா சார்?
– கரூரிலிருந்து ஒரு வாசகர்

தாராளமா போங்க தம்பி. வெயில்ல நிக்கணும்ங்கறது நிஜம்தான், அதை மறைக்கல. ஆனா வெறுமன நிக்கிற வேலை இல்ல இது.

காலைல வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே ராத்திரி பட்ரோல் வண்டி போன ரிப்போர்ட் உங்க கைக்கு வந்துரும், எந்த செயினேஜ்ல, அதாவது எத்தனாவது கிலோமீட்டர்ல, லாரி மோதி ரோட்டோர இரும்புத் தடுப்பு (கிராஷ் பேரியர்) வளைஞ்சு கிடக்கு, எங்க குழி விழுந்திருக்கு, எங்க டயர் கிழிஞ்சு ரோட்டு நடுவுல கிடக்கு, எந்த ஜங்ஷன்ல விட்டு விட்டு எரியற ப்ளிங்கர் லைட் எரியல, எங்க மணல் லாரி கொட்டிட்டுப் போயிருக்கு, எங்க மாடு அடிபட்டு கிடக்குன்னு எல்லாம் அதுல இருக்கும். எது உடனே போகணும் எது சாயங்காலம் வரை தாங்கும்னு பிரிக்கிறது உங்க பொறுப்பு. இதுக்கு படிப்பு வேணும், அதை விட கண்ணு வேணும். மழைக்கு முன்னாடி ரோட்டுக்கு அடில தண்ணி போற சின்னப் பாலத்தை (கல்வெர்ட்) எட்டிப் பாத்து அடைப்பு எடுக்காம விட்டா மழை வந்ததும் ரோட்டோரம் அரிச்சு தாரை ஒட்டின மண் ஓரம், நாங்க பெர்ம்னு சொல்றது, உக்காந்துரும், அப்புறம் தார் விளிம்பு உடைய ஆரம்பிக்கும். அதை நீங்க ஆகஸ்ட் மாசமே பாக்கணும்.

புது ரோடு போடறவங்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு பெரும்பாலும் ரோடு காலியா இருக்கும். நாம வண்டி ஓடிட்டிருக்கிற ரோட்டுல வேலை பாக்கறோம், நம்ம ஆளு குனிஞ்சு பள்ளம் வெட்டிட்டிருக்கும்போது கைக்கெட்டற தூரத்துல ஆம்னி பஸ் போகும். அதனால ஃபோர்மேன்ங்கறவர் முதல்ல டிராஃபிக் கன்ட்ரோல் பண்றவர், ரெண்டாவதுதான் ரோடு ரிப்பேர் பண்றவர். இந்த வரிசை மனசுல மாறாம இருந்தா நீங்க நல்ல ஃபோர்மேன் ஆயிடுவீங்க.

சேர்றதுக்கு முன்னாடி கம்பெனில சில விஷயம் கேளுங்க. பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, கேங் ஆளுங்களுக்கும் உண்டா இல்ல ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டுமா, ஒரு கேங்குக்கு எத்தன கோன் எத்தன போர்டு தர்றாங்க, ராத்திரி வேலைக்கு லைட் செட் இருக்கா. கோன் எத்தனன்னு கேட்டா சிரிக்கிற கம்பெனியா இருந்தா யோசிங்க.

எங்க அப்பா நெடுஞ்சாலைத் துறையில சாலைப் பணியாளர். அந்த வேலையும் நீங்க சொல்ற ஃபோர்மேன் வேலையும் ஒண்ணா?
– சிவகங்கையிலிருந்து ஒரு வாசகி

மண்ணு ஒண்ணுதான்மா, சம்பளம் குடுக்கிற கை வேற. உங்கப்பா மாதிரி ஆளுங்க அரசு ஊழியர்கள். 1997ல சுமார் 10,000 பேரை எடுத்தாங்க, 2002ல மொத்தமா வேலையை விட்டு அனுப்பினாங்க, 2006ல திரும்ப எடுத்தாங்க, நடுவுல போன அந்த 41 மாசத்தை பணிக்காலமா சேக்கச் சொல்லி அவங்க போராடினது உங்க வீட்லயே பேசிருப்பாங்க. முள்ளு வெட்டறது, பெர்ம் சரி பண்றது, குழி அடைக்கிறது, மரக்கிளை விழுந்தா ஓடறதுன்னு ஊர் ரோட்டுக்கு காவல் மாதிரி இருந்தவங்க அவங்க. இப்ப நிறைய இடத்துல பராமரிப்பு காண்ட்ராக்ட்டுக்கு போயிருச்சு. பொள்ளாச்சி கோட்டத்துல ஆரம்பிச்ச முறைல ஒரே கம்பெனி வருஷக்கணக்குல அந்த ரோட்டையெல்லாம் பாத்துக்கணும், குழி விழுந்தா இத்தன நேரத்துக்குள்ள அடைக்கணும்னு கெடு, கெடு தாண்டினா காசு பிடிப்பாங்க. அந்த கெடுவோட பாரம் மொத்தமா ஃபோர்மேன் தலைலதான் வந்து உக்காரும். உங்கப்பாவுக்கு அந்த ரோட்டோட ஒவ்வொரு வளைவும் தெரியும் பாருங்க, காண்ட்ராக்ட்ல மாறி மாறி வர்ற ஆளுங்களுக்கு அது தெரியாது, எனக்கு அதுதான் பெரிய நஷ்டமா படுது.

வேலை நடக்கிற இடம் எங்கயோ இருக்கு, நீங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே போர்டு வச்சு லேனை அடைச்சுடறீங்க. உள்ள பாத்தா பாதி இடம் சும்மா கிடக்கு. எதுக்கு இப்படி டிராஃபிக் ஜாம் பண்றீங்க?
– தாம்பரத்திலிருந்து ஒரு கார் ஓட்டுநர்

கோவம் புரியுது, ஜிஎஸ்டி ரோட்டுல தினம் போறவருக்கு கோவம் வராம இருக்காது. கொஞ்சம் கணக்கு மட்டும் பாருங்க. 100 கிலோமீட்டர் ஸ்பீடுல வர்ற வண்டி ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 28 மீட்டர் போயிடும். டிரைவர் போர்டை பாத்து, அது என்னன்னு புரிஞ்சு, மிரர் பாத்து, லேன் மாறி, பிரேக் புடிக்கிறதுக்குள்ள அவர் எத்தன மீட்டர் வந்துருப்பாருன்னு நீங்களே பெருக்கிக்கோங்க. அதுவும் சரக்கு ஏத்தின டிரெய்லர்னா உங்க கார் மாதிரி நிக்காது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இதுக்குன்னே ஐஆர்சி எஸ்பி 55னு ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, 2014ல அதை திருத்தி விட்டாங்க. அதுல வேலை இடத்தை நாலா பிரிச்சிருக்காங்க. முதல்ல எச்சரிக்கை பகுதி, வெறும் போர்டு மட்டும்தான், "ஆட்கள் வேலை செய்கிறார்கள்", "வேகம் குறை", "பாதை குறுகுது" இப்படி வரிசையா. அடுத்தது கோனை சாய்வா வச்சு வண்டியை மெதுவா பக்கத்து லேனுக்கு தள்ளற பகுதி, ஸ்பீடு ஜாஸ்தியா இருக்கிற ரோட்டுல இந்த சாய்வு நீளமா இருக்கணும், சட்டுனு குறுக்க வச்சா கோன்ல ஏறிடுவாங்க. அப்புறம் வேலை பகுதி. கடைசியா திரும்ப லேனுக்கு விடற பகுதி.

நீங்க சும்மா கிடக்குன்னு சொல்ற அந்த இடம் வேலை பகுதியோட தொடக்கத்துல வேணும்னே காலியா விடறது. யாராவது தூங்கிட்டு கோனை தள்ளிட்டு உள்ள வந்துட்டா, நம்ம ஆளு மேல ஏறாம நிக்கறதுக்கான இடம் அது. அங்க ஜல்லி கொட்டக் கூடாது, டிப்பர் நிறுத்தக் கூடாது, ஆளு உக்காந்து சாப்பிடக் கூடாது. புதுசா வர்ற கேங் ஆளுங்க முதல் நாளே நிழல் பாத்து அங்கதான் தூக்குச்சட்டியை தொறப்பாங்க, அவங்கள எழுப்பி இந்தப் பக்கம் கூட்டிட்டு வர்றது எனக்கு பழகிப் போச்சு.

போர்டு வைக்கிறதுக்கும் ஒரு வரிசை இருக்கு. வண்டி வர்ற திசைல எது முதல்ல கண்ணுக்குத் தெரியுமோ அதைத்தான் முதல்ல வைக்கணும், அப்படியே போர்டு, கோன்னு வேலை இடம் வரை வந்து, எல்லாம் நின்ன பிறகுதான் கடப்பாரை கீழ இறங்கணும். எடுக்கும்போது தலைகீழ், வேலை பக்கத்துல இருந்து எடுத்துக்கிட்டே பின்னாடி வந்து முதல் போர்டை கடைசில எடுக்கணும். அவசரத்துல முதல் போர்டை முதல்ல தூக்கிட்டா உள்ள கோன் எடுத்துட்டிருக்கிறவனுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அவன் நட்ட நடு ரோட்டுல தனியா நிக்கிறான்.

இன்னொண்ணு, நீங்க சொல்றதுல ஒரு நியாயமும் இருக்கு. வேலை முடிஞ்சும் போர்டை எடுக்காம விட்டுட்டுப் போறாங்க சில இடத்துல. அது தப்பு. நாலு நாள் வேலை இல்லாத இடத்துல போர்டை பாத்தவர் அஞ்சாவது நாள் நிஜ போர்டையும் மதிக்க மாட்டார்.

எங்க அம்மா ரோட்டு வேலைல கொடி புடிக்கிறாங்க. அது ஈஸியான வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா ராத்திரி வந்து கால் வலி, தலைவலின்னு படுத்துடறாங்க. அவங்க கவனமா இருக்க என்ன சொல்லட்டும்?
– உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு மாணவி

ஈஸியான வேலைன்னு சொல்றவங்கள ஒரு மத்தியானம் அங்க நிக்கச் சொல்லணும்மா. மொத்த கேங்கோட உயிரும் அந்தக் கொடில இருக்கு.

அம்மா நிக்க வேண்டியது ரோட்டோரம் பெர்ம்ல, வண்டி ஓடற லேன்ல இல்ல. வர்ற வண்டியை பாத்த மாதிரி நிக்கணும், ஒரு செகண்ட் கூட முதுகு காட்டக் கூடாது. புளியமர நிழல்ல நிக்கத் தோணும், ஆனா வெயில்ல இருந்து வர்ற டிரைவர் கண்ணுக்கு நிழல்ல நிக்கிற ஆள் தெரியவே மாட்டாங்க. கேங்கோட சேந்து நிக்காம தனியா, தூரத்துல இருந்தே தெரியற மாதிரி நிக்கணும். பின்னாடி ஓடறதுக்கு வழி இருக்கணும், பள்ளமோ கிராஷ் பேரியரோ முதுகுக்குப் பின்னாடி இருந்தா வண்டி தடுமாறி வந்தா எங்க போறது. ரேடியம் பட்டை வச்ச ஜாக்கெட் போட்டுக்கணும், புடவை மேல ஆம்பள சட்டை போட்டு அதுக்கு மேல ஜாக்கெட்டை போட்டு கட்டிக்கிட்டா முந்தானை காத்துல பறந்து எதுலயும் மாட்டாது, எங்க ஆளுங்க அப்படித்தான் பண்றாங்க.

ஒரு லேன்லயே ரெண்டு பக்கத்து வண்டியும் மாத்தி மாத்தி விடற இடம்னா ரெண்டு பக்கமும் ஒரு கொடி இருக்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியணும், வளைவு இருந்தா வாக்கி டாக்கி கட்டாயம். "கடைசி வண்டி மஞ்ச கலர் டாட்டா ஏஸ், பின்னாடி வைக்கோல்" அப்படின்னு இந்தப் பக்கம் சொல்லணும், அந்த வைக்கோல் வண்டி தாண்டின பிறகுதான் அந்தப் பக்கம் பச்சைக் கொடி. கலர் மட்டும் சொன்னா பத்தாது, மஞ்ச வண்டி ரெண்டு வந்துட்டா முடிஞ்சுது.

கால்வலி, தலைவலி பத்தி அம்மாவோட ஃபோர்மேன் கிட்ட பேசணும். ஒரே ஆளை காலைல இருந்து சாயங்காலம் வரை கொடில நிறுத்தக் கூடாது, மணிக்கணக்கா நின்னா கண்ணு தானா மங்கிடும், ஆள் மாத்தி மாத்தி விடணும். அக்னி நட்சத்திரத்துல நான் ஒவ்வொரு மணி நேரமும் மாத்தறேன், தண்ணிக் கேன் கொடி பக்கத்துலயே இருக்கும், கூடவே ஓஆர்எஸ். பொம்பளைங்க நிறைய பேர் தண்ணியே குடிக்க மாட்டாங்க, ஏன்னா ஒதுங்க இடம் இல்ல. தலைவலிக்கு பாதிக் காரணம் அதுதான். டோல் பிளாசா டாய்லெட்டுக்கோ பெட்ரோல் பங்குக்கோ வண்டில கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர ஃபோர்மேன் ஏற்பாடு பண்ணணும், இதை சலுகையா நினைக்கக் கூடாது, இதுவும் அவர் வேலைதான்.

அப்புறம் அம்மாவுக்கு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இருக்கான்னு பாருங்க, ரோடு வேலையும் அதுல வரும். உங்க படிப்புக்கு உதவித்தொகை அதுலயே கிடைக்கும்.

குழி அடைச்ச ரெண்டாவது மழைலயே அதே இடத்துல குழி. நீங்க போடறது தாரா, கரியா?
– திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர்

தார் நல்ல தாராவே இருந்தாலும் போடற விதம் தப்பா இருந்தா நிக்காது. குழி விழறதே தண்ணியாலதான். மேல ஒரு மயிரிழை விரிசல், அதுல தண்ணி இறங்கி கீழ இருக்கிற ஜல்லி மண்ணை இளக வைக்கும், மேல லாரி போகப் போக தண்ணி அழுத்தத்துல அடிமண்ணு வெளிய வரும், ஒரு நாள் மேல் தோல் உள்ள விழும். நீங்க பாக்கிறது அந்த கடைசி நாளை.

இப்ப அந்த ஓட்டைல அப்படியே தாரைக் கொட்டி மண்வெட்டியால ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனா என்ன ஆகும், சுத்தி இருக்கிற இளகின பகுதி அப்படியே இருக்கு, அடில சேறு இருக்கு, புது சரக்கு எதோடயும் ஒட்டல. சரியா பண்றதுன்னா குழியை விட பெருசா, நல்ல ரோடு வர்ற வரைக்கும் சதுரமாவோ நீள் சதுரமாவோ மார்க் பண்ணி வெட்டணும், ஓரம் செங்குத்தா நிக்கணும். தளர்ந்ததை எல்லாம் அள்ளி, பிரஷ் போட்டு, புளோயர் அடிச்சு தூசி இல்லாம பண்ணி, அடிலயும் நாலு பக்க சுவர்லயும் ஒட்டறதுக்கான தார்க் கரைசல் (எமல்ஷன்) தடவணும், சுவரை நிறைய பேர் விட்டுடறாங்க, தண்ணி முதல்ல இறங்கறதே அந்த சந்துலதான். அப்புறம் சரக்கை போட்டு, ஆழமா இருந்தா ரெண்டு மூணு அடுக்கா இறுக்கி, ஓரத்துல இருந்து நடுவுக்கு ரோலர் ஓட்டணும். முடிச்சதும் சுத்தி இருக்கிற ரோட்டை விட ஒரு துளி மேடா இருக்கணும், வண்டி ஓடி சமமாகும்.

சூடு ரொம்ப முக்கியம். நம்ம ஊர்ல நிறைய ஓடற விஜி 30ங்கற ரகத் தார் போட்ட சரக்கு, ரோட்டுல கொட்டும்போது 140 டிகிரிக்கு குறையக் கூடாது, ரோலர் ஓட்டறது 90க்கு கீழ இறங்கறதுக்குள்ள முடியணும். பிளான்ட் தூரமா இருந்து டிப்பர் தார்ப்பாய் மூடாம வந்தா மேல் தோல் வழிலயே செத்துரும். நான் தெர்மாமீட்டரை டிப்பர் உள்ள குத்தி பாக்காம இறக்க விடறதில்ல, குறைஞ்சிருந்தா லோடை திருப்பி அனுப்பிடுவேன். அதுக்கு திட்டு வாங்கினாலும் பரவால்ல, அந்த சரக்கு எப்படியும் நிக்கப் போறதில்ல.

ஐப்பசி மழைல கொட்டற நேரத்துல சூடு சரக்கு போட முடியாது. அப்ப சூடாக்காமலே போடற, பைல வர்ற கோல்ட் மிக்ஸ் போடுவோம், அது பைக்காரர் விழாம இருக்கறதுக்கு. மழை விட்டதும் வெட்டி நிரந்தரமா போடணும். அந்த ரெண்டாவது தடவை வராம போறதுதான் உங்க ஊர் பிரச்சனைன்னு நினைக்கிறேன். 2023ல மாநில நெடுஞ்சாலைத் துறை "நம்ம சாலை"ன்னு ஒரு ஆப் விட்டிருக்கு, போட்டோ எடுத்து அதுல போடுங்க. என்எச்சா இருந்தா 1033 ஹெல்ப்லைனுக்கு கூப்பிடுங்க. எது எந்த ரோடுன்னு தெரியலன்னா கிலோமீட்டர் கல்லை பாருங்க, மஞ்சத் தலை என்எச், பச்சைத் தலை ஸ்டேட் ஹைவே. கல்லுல இருக்கிற நம்பரையும் சொன்னீங்கன்னா என்னை மாதிரி ஆளு தேடி அலையாம நேரா வந்து நிப்பான்.

சென்டர் மீடியன்ல அரளிச் செடிக்கு தண்ணி விடற டேங்கர் லாரி ஃபாஸ்ட் லேன்லயே நிக்குது. ஒரு தடவை மயிரிழைல தப்பிச்சேன். இது அனுமதியோடதான் நடக்குதா?
– பெரம்பலூரிலிருந்து ஒரு வாசகர்

நீங்க தப்பிச்சது கடவுள் புண்ணியம். நான் ரொம்ப பயப்படற வேலை இதுதான், ஏன்னா பாக்க வேலை மாதிரியே தெரியாது. பள்ளம் வெட்டினா கோன் வைப்பாங்க, செடிக்கு தண்ணிதானேன்னு ஒரு சிவப்புத் துணியை டேங்கர் பின்னாடி கட்டிட்டு கிளம்பிடறாங்க. ஃபாஸ்ட் லேன்ல மெல்ல நகர்ற டேங்கர், பின்னாடி ஓஸ் புடிச்சிட்டு ஒரு ஆள், விடிகாலை தூக்க நேரம். நகர்ற வேலைக்கும் பாதுகாப்பு உண்டு: டேங்கருக்கு பின்னாடி இடைவெளி விட்டு இன்னொரு வண்டி, அதுல பெரிய அம்புக்குறி லைட் போர்டு, பின்னாடி வர்றவர் அந்த வண்டியை எட்டறதுக்கு முன்னாடியே எச்சரிக்கை போர்டு. அப்படி இல்லாம நின்னா வண்டியை பத்திரமா ஓரம் கட்டி 1033க்கு சொல்லுங்க. ஓஸ் புடிச்சவர் கிட்ட சண்டை போடாதீங்க, அவரை அனுப்பின இடத்துக்கு வந்தவர்.

தொப்பூர் கணவாய்ல ரோடு வேலை நடக்கும்போதெல்லாம் பயமா இருக்கு. மத்த இடத்துல பண்ற மாதிரியே அங்கயும் பண்ணா போதுமா?
– தருமபுரியிலிருந்து ஒரு வாசகி

போதாது. பெங்களூர் பக்கம் இருந்து சேலம் போற லாரி அங்க நீளமா இறங்குது, நியூட்ரல்ல விட்டு வர்றவங்க உண்டு, பிரேக் சூடாகி புடிக்காம போறதும் உண்டு. அந்த மாதிரி இறக்கத்துல போர்டு சரிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மேல நிக்கணும், டிரைவர் கியர் இறக்க நேரம் கிடைக்கணும். பாதி இறக்கத்துல போர்டை பாத்து அவர் என்ன பண்ணுவார், பண்ண நினைச்சாலும் வண்டி கேக்காது. கியூ நிக்க ஆரம்பிச்சா கியூவோட வால்தான் ஆபத்து, அது நீள நீள ஒரு ஆள் கொடியோட பின்னாடி போய்க்கிட்டே இருக்கணும். என்னைக் கேட்டா அங்க லேனை அடைக்கிற வேலைன்னா போலீஸை முன்னாடியே கலந்து பேசி, லாரி கம்மியா இருக்கிற நேரம் பாத்து, சின்னச் சின்ன துண்டா முடிக்கணும்.

தார் வேலைல இருக்கேன். கூட வேலை செய்யறவர் கைல சூடு தார் பட்டுச்சு, டீசல் ஊத்தி துடைச்சோம். சரியா?
– அரியலூரிலிருந்து ஒரு தொழிலாளர்

இல்லங்க, இனி அப்படி பண்ணாதீங்க. தார் ஒட்டினா பிய்க்கவே கூடாது, தோலோட வரும். டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். உடனே சுத்தமான தண்ணியை 20 நிமிஷமாவது ஊத்திக்கிட்டே இருங்க, தார் ஒட்டினபடியே இருக்கட்டும், ஆஸ்பத்திரில எடுப்பாங்க. விரலையோ கையையோ சுத்தி வளையம் மாதிரி ஒட்டியிருந்தா டாக்டர் கிட்ட அதை முதல்லயே சொல்லுங்க, ஆறி இறுகும்போது ரத்த ஓட்டம் நின்னுரும். கண்ணுல பட்டா யோசிக்காம 108. உங்க கூட இருக்கிறவருக்கு இன்னும் புண்ணு ஆறலன்னா இன்னைக்கே காட்டுங்க. தார் பாய்லர் பக்கத்துல இந்தத் தேவைக்குன்னே தண்ணி டிரம் வைக்கச் சொல்லுங்க, ஆனா பாய்லர் உள்ள தண்ணி ஒரு சொட்டு விழக் கூடாது, பொங்கி அடிச்சிரும். முழுக்கை சட்டை, கையுறை, ஷூ. ரப்பர் செருப்போட தார் கிட்ட போகாதீங்க.

நானும் ஃபோர்மேன்தான். இன்னைக்கே முடிக்கணும்னு மேல இருந்து பிரஷர். கோன் பத்தல, கொடிக்கு ஒரே ஆள். முடியாதுன்னா வேலை போயிடுமோன்னு பயம். என்ன பண்றது சார்?
– பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் ராத்திரி உக்காந்து யோசிச்சேன்.

முடியாதுன்னு ஒத்தை வார்த்தை சொல்லாதீங்க, அது சண்டைல முடியும். இருக்கிற கோனுக்கு எவ்ளோ வேலை செய்யலாமோ அதைச் சொல்லுங்க. "சார், கைல இருக்கிற கோனுக்கு ஒரு குழி பாதுகாப்பா பண்ணலாம், மிச்சத்துக்கு பக்கத்து பேக்கேஜ்ல (பக்கத்து காண்ட்ராக்ட் பகுதில) இருந்து கோன் வந்தா மத்தியானம் ஆரம்பிக்கிறேன்." இதை போன்ல சொன்னாலும் அப்புறம் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, கோன் நிக்கிற போட்டோவோட. எழுத்துல வந்ததும் அவங்க குரல் மாறும், நான் பாத்திருக்கேன். ஏன்னா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த மெசேஜ் இருக்கும்னு அவங்களுக்கும் தெரியும். பெரும்பாலான காண்ட்ராக்ட்ல டிராஃபிக் பாதுகாப்பு ஒரு கண்டிஷனாவே இருக்கும், அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. வேலையை மேற்பார்வை பாக்கிற கன்சல்டன்ட் சைடு சேஃப்டி ஆள் இருந்தா அவரை முன்கூட்டியே பழகி வச்சுக்கோங்க, அவர் வேலையே நிறுத்தச் சொல்றதுதான், நீங்க சொல்ல முடியாததை அவர் சொல்வார்.

கொடிக்கு ஒரே ஆள்னா ரெண்டு பக்கமும் மாத்தி விடற வேலையை எடுக்காதீங்க, பெர்ம் வேலை, கல்வெர்ட் சுத்தம், போர்டு கழுவறதுன்னு லேனை தொடாத வேலையை அன்னைக்கு குடுங்க. லிஸ்ட்ல எப்பவும் அது மாதிரி நாலு வேலை எழுதி வச்சிருங்க, அப்ப "ஆளு சும்மா இருக்கான்"ங்கற பேச்சு வராது. கேங் ஆளுங்க கிட்டயும் காலைலயே சொல்லிடுங்க, கோன் நிக்காம யாராவது ரோட்டுல இறங்கச் சொன்னா, அது யாரா இருந்தாலும், உங்க பேரைச் சொல்லி இறங்காம நில்லுங்கன்னு. வேலை போற பயம் எனக்கும் இருந்துச்சு, ஒரு இடத்துல போகவும் செஞ்சுது. ரோடு தெரிஞ்ச ஃபோர்மேனுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்கும்ங்க, எனக்கு அந்த மாசமே கிடைச்சுது. பயோடேட்டா ஆசிரியர் மூலமா அனுப்பி வைங்க, எங்க பக்கம் ஆள் தேவைப்படும்போது நானே கூப்பிடறேன்.